விடவும் பயம், தொடரவும் பயம்

எங்கள் மாமா கடலுக்குப் போகிறவர். இலங்கையில், திருகோணமலையின் திருக்கடலூர்ப் பக்கம் வீடு. விடியப்புறம் வள்ளம் கரைக்கு வந்து, மீனை விற்றுவிட்டு அவர் வீட்டுத் திண்ணையில் வந்து இருந்ததும் மாமி தேத்தண்ணி கொடுப்பார். எங்கள் எல்லோருக்கும் கிளாஸ் நிறைய இருக்கும். மாமாவுக்கு மட்டும் அரைக் கிளாஸ். அது முடிந்ததும் இன்னொரு அரைக் கிளாஸ். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஆறிப் போகாமல் இருக்கத்தான்" என்றார் மாமி. வளர்ந்த பிறகுதான் விளங்கியது. இரவெல்லாம் குடிக்காமல் இருந்துவிட்டு வரும் மாமாவுக்குக் காலையில் கை நடுங்கும். நிறைய ஊற்றினால் சிந்தும். பிள்ளைகள் பார்க்கச் சிந்தினால் அவருக்கு வெட்கம். வெட்கப்பட்டால் எட்டு மணிக்கே போத்தலைத் தேடுவார். அந்த அரைக் கிளாசை அளந்தது மாமியின் பயம்.

போதை என்றதும் நாங்கள் ஆசையைப் பற்றித்தான் கதைக்கிறோம். கொழுப்பு, திமிர், கெட்ட சகவாசம் என்கிறோம். தொடக்கத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பத்து வருடம் குடித்த ஒருவரிடம், வெறி இல்லாத நேரம் பார்த்து, இப்போதும் சந்தோஷத்துக்காகவா குடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக இல்லை என்றுதான் சொல்வார். குடிக்காவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து குடிக்கிறார். வீட்டில் இருக்கிறவர்கள் இன்னொரு விதமாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு பயமும் ஒரே கூரைக்குக் கீழே, ஒன்றோடொன்று கதைக்காமல், வருடக்கணக்காக வாழ்கின்றன. வீட்டுக்காரர், அதாவது குடும்பத்தார், செய்கிற நல்லதும் கெட்டதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

முதலில் குடிக்கிறவருடைய பயத்தைப் பார்ப்போம். அது வெறும் மனப்பிரமை இல்லை, உடம்பிலேயே இருக்கிறது.

கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்பக்கம் வலை கனக்கக் கனக்க, காலை மணலில் ஊன்றிப் பின்பக்கம் சாய்ந்து இழுப்பார்கள். திடீரென்று கயிறு அறுந்தால் என்ன நடக்கும்? எல்லோரும் மல்லாந்து விழுவார்கள். மதுவும் மூளையும் அப்படித்தான். மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. அமைதிப்படுத்தும் காபா என்ற இரசாயனத்தின் வேலையைக் கூட்டி, உசுப்பிவிடும் குளுட்டமேட்டின் வேலையை அமுக்குகிறது. நாள்தோறும் குடிக்கிறவரின் மூளை அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் சாய்ந்து இழுக்கப் பழகிவிடுகிறது. ஒருநாள் மது சட்டென்று நின்றால் கயிறு அறுந்த மாதிரி. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, நித்திரை இல்லாமை, காரணமே தெரியாத திகில் எல்லாம் வந்து விழும். அவர் அப்போது உணரும் பயத்துக்கு வெளியே ஒரு காரணமும் இருக்காது. மூளையின் அபாயமணி தானாகவே அடித்துக்கொண்டிருக்கும்.

ஜோர்ஜ் கூப் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் இதைப் போதையின் இருண்ட பக்கம் என்கிறார். பாவனை நீள நீள, மூளையில் இன்பம் தரும் பகுதிகள் மந்தமாகிவிடுகின்றன. பயத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் அமிக்டலாவும் அதோடு சேர்ந்த பகுதிகளும் முறுக்கேறிப்போகின்றன. ஆரம்பத்தில் நல்லாய் இருக்கக் குடித்தவர், பிறகு கெட்டதாய் இல்லாமல் இருக்கக் குடிக்கிறார். "ஒரு வாய் விட்டால்தான் மனுசனாய் இருக்கலாம்" என்று மாமா சொல்வதை வீட்டில் எல்லோரும் சாட்டு என்றுதான் நினைத்தோம்.

ஒரு கந்தசஷ்டிக்கு மாமா குடியை நிறுத்தினார். ஆறு நாளும் விரதம் பிடிப்பேன், இனித் தொடவே மாட்டேன் என்று சாமி அறையில் நின்று சொன்னார். மாமி அழுதார். வீட்டில் அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் நாள் பின்னேரம் அவருக்கு வலிப்பு வந்தது. விரதத்தில் வந்த மயக்கம் என்று சொல்லித் தண்ணீர் தெளித்தோம். மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டத் தொடங்கினார். வள்ளத்தில் ஆட்கள் கூப்பிடுகிறார்கள் என்று எழும்பி ஓடப் பார்த்தார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. பேய் பிடித்துவிட்டது என்றார்கள். நூல் கட்ட ஒருவரைக் கூட்டி வந்தார்கள். ஒரு முழு இரவு அப்படிப் போனது. விடிந்த பிறகுதான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தப்பிவிட்டார். அந்த இரவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. அது பேயும் இல்லை, விரதக் குற்றமும் இல்லை. மது திடீரென்று நின்றதால் வந்த உயிராபத்தான நிலை.

இதைக் கொஞ்சம் விபரமாகவே சொல்ல வேண்டும். கடுமையாகக் குடிக்கிறவர் நிறுத்தினால், கடைசிக் குடியிலிருந்து 6 மணித்தியாலம் போனாலே நடுக்கமும் பதற்றமும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். மனம் தடுமாறி, இல்லாததைப் பார்த்து, இல்லாததைக் கேட்டு, காய்ச்சலும் சேரும் அந்த மோசமான நிலை இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் வருவதுதான் வழமை. கந்தசஷ்டியின் நடு நாட்கள் சரியாக அங்கேதான் விழுகின்றன. நெடுநாள் குடியால் விற்றமின் பி1, அதாவது தயமின், ஏற்கனவே குறைந்திருக்கும். அதோடு பட்டினியும் சேர்ந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

ஆகவே விரதத்துக்கு விடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த மனதை மதியுங்கள். ஆனால் விரதத்துக்கு ஒரு கிழமை முன்பே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். காலையில் எழும்பியதும் நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறவர், முன்பு ஒருமுறை நிறுத்தி வலிப்பு வந்தவர், வயது போனவர், ஈரல் பாதித்தவர் வீட்டில் தனியாக நிறுத்தவே கூடாது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் மருந்து கொடுத்து, தயமின் ஏற்றி, படிப்படியாக இறக்குவார்கள். அந்த மருந்தை அவர்களே நாளுக்கு நாள் குறைத்து நிறுத்திவிடுவார்கள். இது தெரிந்தால் அவருடைய பயத்தில் பாதி போய்விடும். ஏனென்றால் முன்பு ஒருமுறை தானாக நிறுத்திப் பார்த்து அந்த நரகத்தை அவர் கண்டிருப்பார். அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

தூள் எடுப்பவரின் பயம் வேறு மாதிரி. ஹெரோயின் கடைசியாக எடுத்து 8 முதல் 12 மணித்தியாலத்துக்குள் மூக்கு வடியும், கொட்டாவி வரும், பிறகு வயிற்றோட்டம், வாந்தி, எலும்புக்குள் குடைகிற மாதிரி உளைச்சல். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு கிழமையில் பெரும்பகுதி அடங்கும். மதுவைப் போல இது உயிரை எடுப்பது அரிது. ஆனால் அந்த வேதனையின் பயம் ஒருவரைத் தாயின் தாலிக்கொடியையே அடகு வைக்கச் செய்யும். இதில் உயிராபத்து பிறகுதான் காத்திருக்கிறது. சில கிழமை நிறுத்தியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. புனர்வாழ்வு நிலையத்தாலோ சிறையாலோ வந்த பிள்ளை முதல் முறை மறுபடி எடுக்கும்போதே மூச்சு நின்று போகலாம். "திருந்தி வந்திட்டான்" என்று நாங்கள் நிம்மதியாகும் அந்த நாட்களே மிக ஆபத்தானவை.

ஐஸ், அதாவது மெதம்பெற்றமின், என்றால் அந்தப் போதைப்பொருளே பயத்தை உண்டாக்குகிறது. நாட்கணக்கில் நித்திரை இல்லாமல், யாரோ பின்தொடர்கிறார்கள், கூரையில் ஆள் நிற்கிறது, அம்மா சோற்றில் எதையோ கலந்துவிட்டார் என்று நம்புவார்கள். அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை. "பைத்தியக் கதை கதைக்காதே" என்றால் அவருக்கு நீங்களும் எதிரியாகிவிடுவீர்கள். வாசலை மறித்து நிற்க வேண்டாம், அவர் வெளியேற வழி தெரிய வேண்டும். அயலட்டைச் சனத்தைக் கூட்ட வேண்டாம். ஒருவர் மட்டும், எட்ட நின்று, மெதுவாகக் கதைக்க வேண்டும். "உனக்குப் பயமாய் இருக்கு எண்டு விளங்குது தம்பி, நான் இஞ்சதான் இருக்கிறன்" என்றால் போதும். கத்தி, பொல்லு கையில் இருந்தால் நீங்கள் வெளியே போய்விடுங்கள். ஐசின் வேகம் இறங்கும்போது நாள் முழுக்க நித்திரையும் கடும் மனச்சோர்வும் வரும். தற்கொலை எண்ணம் தலைதூக்குகிற நேரம் அது. அடித்துப் போட்டது போலப் படுத்திருக்கிறான் என்று விட்டுவிடாமல் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

உடம்பின் பயம் இவ்வளவு. இதற்குப் பின்னால் வேறு பயங்கள் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் அவற்றுக்கு வயது அதிகம். 2004 மார்கழி 26 சுனாமியில் கைப்பிடி நழுவிப் பிள்ளையை விட்டவர்கள் இருக்கிறார்கள். 2006இல் சண்டை மூண்டபோது மூதூரிலும் சம்பூரிலும் இருந்து உடுத்த உடுப்போடு ஓடியவர்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடினால் அதெல்லாம் வருகிறது என்பதற்காகக் குடித்துவிட்டுப் படுத்தவர்களை நான் அறிவேன். மது நித்திரையைச் சீக்கிரம் கொண்டுவரும், உண்மைதான். ஆனால் பின்னிரவில் நித்திரையைக் குழப்பும். நிறுத்தினால் சில நாட்கள் கனவுகள் இன்னும் கொடூரமாக வரும். அதைப் பார்த்ததும் "குடிதான் என்னைக் காப்பாத்தியிருக்கு" என்று அவர் முடிவு கட்டிவிடுவார். இப்படிப்பட்டவருக்குக் குடியை மட்டும் நிறுத்தினால் போதாது. அந்த நினைவுகளுக்கும் உளவளத்துணை வேண்டும்.

கடன்காரன் பயம், கூட்டாளிகள் இல்லாமல் பின்னேரம் என்ன செய்வது என்ற பயம், மறுபடி தோற்றால் எல்லோரும் சிரிப்பார்கள் என்ற பயம். கடைசியாகச் சொன்னது மிகப் பெரியது. "இந்த முறை நிச்சயம் விடுவாய்தானே?" என்று நாங்கள் நம்பிக்கையோடு கேட்கும் கேள்வியே அவரை நடுங்க வைக்கும்.

சரி, வீட்டுக்காரரின் பயத்துக்கு வருவோம்.

இரவு படலை திறக்கும் சத்தத்தில் செருப்பு எப்படி இழுபடுகிறது என்று கேட்டே, இன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கணக்குப் பார்க்கிற பெண்களை இந்த ஊரில் எத்தனையோ ஒழுங்கைகளில் காணலாம். அவர்களின் உடம்பும் மாலை ஆறு மணியிலிருந்து அபாயமணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பயம் இரண்டு விதமாக வெளியே வரும். ஒன்று மூடி மறைப்பது. வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் போன் எடுத்து அவருக்குக் காய்ச்சல் என்பது, கடனைத் தாங்களே கட்டுவது. மற்றது வெருட்டுவது. பொலிசில் பிடித்துக் கொடுப்பேன், மருந்து குடித்துச் சாவேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன் என்பது. காலையில் மூடி மறைத்த அதே ஆள்தான் இரவில் வெருட்டுவார். இரண்டும் அன்பில் வந்தவைதான். ஆனாலும் இரண்டும் உதவுவதில்லை.

வெருட்டு ஏன் பலிப்பதில்லை? பயமுறுத்தும் செய்திகளைப் பற்றிக் கிம் விற்றே என்ற ஆய்வாளர் 1992இல் ஒரு விளக்கம் தந்தார். ஆபத்தும் தெரிந்து, அதிலிருந்து தப்ப என்னால் முடியும் என்ற நம்பிக்கையும் இருந்தால் மனிதர் ஆபத்தைக் கையாளப் பார்ப்பார். நம்பிக்கை இல்லாவிட்டால் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் கையாளப் பார்ப்பார். மறுப்பார், கோபிப்பார், கண்ணை மூடிக்கொள்வார். போதையில் இருப்பவருக்குப் பயத்தைக் கையாள ஒரே ஒரு வழிதான் கைவசம் இருக்கிறது. அதைத்தான் நாங்கள் நிறுத்தச் சொல்கிறோம். அறையில் பூட்டி அடிப்பதும், மொட்டை அடித்து ஊர் பார்க்க நிறுத்துவதும் அவரை நேரே அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

இன்னும் இரண்டு வைத்தியம் எங்கள் சனத்திடம் இருக்கிறது. கலியாணம் கட்டி வைத்தால் திருந்துவான், கட்டாருக்கு அனுப்பினால் திருந்துவான். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். குடிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டி வைப்பது வைத்தியம் இல்லை. எங்கள் பயத்தைத் தூக்கி இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தலையில் வைப்பது அது.

பொலிஸ் பயமும் வீட்டைப் பூட்டி வைக்கிறது. 2023 மார்கழியில் யுக்திய என்ற பொலிசின் போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கிய பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் பெயர் பொலிசுக்குப் போகும், பிள்ளையைக் கந்தகாட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பல தாய்மார் வாயைத் திறப்பதில்லை. போதைப்பொருளுக்கு அடிமையானவர்களின் சிகிச்சை பற்றி 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதில் கட்டாயச் சிகிச்சை மட்டுமில்லை, தாமாக விரும்பிச் சிகிச்சைக்குப் போகும் வழியும் உண்டு. வைத்தியரிடம் நோய்க்காகப் போவது வாக்குமூலம் கொடுப்பதாகாது. முதலில் நீங்கள் தனியாகப் போய் மனநல கிளினிக்கில் கேளுங்கள். அவரைக் கூட்டிப் போவதைப் பிறகு யோசிக்கலாம்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? இதற்கு ஆராய்ந்து பார்த்த வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ரொபர்ட் மேயர்ஸ் என்பவரும் கூட வேலை செய்தவர்களும் உருவாக்கிய அந்த முறைக்குக் கிராஃப்ட் என்று பெயர். குடிக்கிறவருக்குப் பதிலாக வீட்டுக்காரரைப் பயிற்றுவிக்கும் முறை இது. 1999இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிகாரர்களின் உறவினர் 130 பேரை மூன்றாகப் பிரித்து மூன்று வழிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். கிராஃப்ட் பழகிய வீடுகளில் 64 வீதமான குடிகாரர்கள் சிகிச்சைக்குள் வந்தார்கள். குடும்பமாகக் கூடி ஒரே இருப்பில் எதிர்கொண்டு கேட்கும் முறையில் 30 வீதம். குடிப்பவரை மாற்ற முயலாமல் விலகி நின்று தன்னைப் பார்த்துக்கொள்ளும் வழியில் 13 வீதம்.

அதன் சாரம் எங்கள் அடுப்படிக்குள் அடங்கக்கூடியதுதான். வெறி இல்லாமல் வருகிற நாளில் கூட இருந்து சாப்பிடுங்கள். பிடித்த கறியை அன்றைக்குச் சமையுங்கள். அன்றைக்குப் பழைய கணக்கு எடுக்க வேண்டாம். வெறியோடு வருகிற நாளில் சண்டையும் வேண்டாம், உபசரிப்பும் வேண்டாம். "இப்ப நான் படுக்கப் போறன், விடியக் கதைப்பம்" என்று ஒதுங்குங்கள். சம்மாட்டிக்கு அவரே போன் எடுக்கட்டும். வாந்தி எடுத்த பாயை அவரே கழுவட்டும். ஆனால் மூச்சுத் திணறல், வலிப்பு, எழுப்பியும் எழும்பாமை என்றால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. உடனே ஆஸ்பத்திரி.

சிகிச்சை பற்றிக் கதைக்க நேரம் பார்க்க வேண்டும். அவரே நொந்துபோய் இருக்கும் ஒரு காலை நேரம் நல்லது. "ஏன் குடிக்கிறீங்கள்?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆயிரம் தரம் கேட்டாகிவிட்டது. "குடிக்காமல் விட்டால் என்ன வரும் எண்டு பயப்பிடுறீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நீளமான மௌனம் வரும், பொறுங்கள். நடுக்கம் என்றால் அதற்கு மருந்து இருக்கிறது. நித்திரை என்றால் வைத்தியரிடம் அதைத்தான் முதலில் சொல்வோம். சனம் சிரிக்கும் என்றால் இரண்டு பேர் மட்டும் போய் வருவோம். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு சின்ன வழி. இதற்கு முன்கூட்டியே கிளினிக் நாள், நேரம் எல்லாம் விசாரித்து வைத்திருக்க வேண்டும். அவர் "சரி" என்று சொல்லும் நேரம் சிலவேளை அரை மணித்தியாலம்தான் நீடிக்கும்.

அடி உதை இருக்கிற வீட்டுக்கு இந்தப் பொறுமையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அங்கே முதல் வேலை பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போவது. பெண்கள் 1938 இலக்கத்துக்கு அழைக்கலாம். போதை பற்றிய ஆலோசனைக்கு தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது. மனம் தாங்க முடியாத நேரத்துக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. இது அவருக்காக மட்டுமில்லை, படலைச் சத்தத்துக்கு விழித்திருக்கும் உங்களுக்காகவும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு எடுப்பதில்லை.

மாமா அந்தக் கந்தசஷ்டிக்குப் பிறகு ஏழு மாதம் தொடவில்லை. பிறகு ஒருநாள் தம்பலகாமத்தில் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வெறியோடு வந்தார். முற்றத்துக்கு வந்தவர் வாசல்படி ஏறவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி என்ன சொல்லப் போகிறாரோ என்று பிள்ளைகள் எல்லாம் அறைக்குள் போய்விட்டோம். மாமி வெளியே வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்பாடு மூடி வைச்சிருக்கு. நாளைக்குச் செவ்வாய், கிளினிக் நாள். எட்டு மணிக்குப் போவம்" என்றார். மாமா அன்றிரவு திண்ணையில் படுத்தார். காலையில் ஏழரைக்கே சேட்டு மாட்டிக்கொண்டு படலையடியில் நின்றார்.